நீர்வண்ணத்தில் வர்தே

நிஜ்மே, இறந்துபோன தங்கையின் நரைத்த கூந்தலை இரண்டாகப் பின்னி முடித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, முன்புறம் வெள்ளிக்காசு தைத்த தன் உயரத் தொப்பியை எடுத்தாள். குளிப்பாட்ட வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி உம் இஸ்ஸா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இது கல்யாணமானவங்க வைக்கிறது. வர்தே கன்னியாவே போயிட்டா. வெள்ளைத் துணி போதும். ஊரு சிரிக்கும்."

"நாப்பது வருஷமா சிரிச்சது பத்தாதா?"

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பெத்லகேம் மட்டும் விதிவிலக்கா என்ன! வர்தேவுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அரபுப் பெண்களை நீர்வண்ணத்தில் வரைந்து தன் நாட்டில் விற்பவர். அவருக்கு வர்தேயைப் பிடித்திருந்தது, அவளுடைய வெறும் முக்காடு பிடிக்கவில்லை. உயரத் தொப்பி இருந்தால்தான் பெத்லகேம் பெண் என்று அங்கே நம்புவார்களாம். அது யார் தலையில் இருக்க வேண்டும் என்று அவருக்கென்ன தெரியும்? தெரிந்த நிஜ்மேதான், ஒரு மணி நேரம்தானே என்று, தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள்.

படம் ஒரு வாரம் அவர் தங்கியிருந்த ஓட்டல் கூடத்தில் தொங்கியது. நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தாள். "எம் மகனுக்கு முன்னாடியே யாருக்கோ பொண்டாட்டியாயிட்டாளா?" என்று கேட்டாள். அதோடு சம்பந்தம் முறிந்தது. வேறொன்று வரவே இல்லை.

அப்பா வர்தேயை வாசல் தாண்ட விடவில்லை. நிஜ்மே மட்டும் போய்ப் பார்த்தாள். வர்தே பார்க்காமலே படம் கப்பலேறிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறையாவது ஏக்கத்தோடு கேட்பாள்: "அக்கா, படத்துல நான் எப்படி இருந்தேன்?"

"மூக்குதான் பெருசா இருந்துச்சு" என்று நிஜ்மே மழுப்புவாள். நேற்றுச் சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் கேட்டாள். நிஜ்மே அதே மூக்கைத்தான் சொன்னாள்.

அந்தத் தொப்பி தன் தலையில் ஒருநாளும் அத்தனை பொருந்தியதில்லை என்று நிஜ்மேவுக்குத் தெரியும். பொறாமைதான், வேறென்ன.

இப்போது கையை விடுவித்துக்கொண்டு தொப்பியைத் தங்கையின் தலையில் வைத்தாள். தாடைக்குக் கீழே வெள்ளிச் சங்கிலியை மாட்டினாள். நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"அழகா இருந்தடி, வர்தே. ரொம்ப அழகா. நான்தான் சொல்லல."

வெளியே ஆண்கள் கதவைத் தட்டினார்கள். "பாதிரியார் காத்திருக்காரு. தூக்கலாமா?"

உம் இஸ்ஸா வெள்ளைத் துணியை உதறி, தொப்பியின் மேல் முக்காடாகப் போர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பொறுங்கப்பா. கல்யாணப்பொண்ணு இன்னும் தயாராகல."