விரிக்காத புல்

விடிவதற்குள் புல் வந்துவிட்டது. லாரி நிறையச் சுருள் சுருளாக, அடிமண்ணோடு. ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தால் ஈரமண் கழுத்து வழியே முதுகுக்குள் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் விரித்து முடிக்க வேண்டும். விட்டால் சுருளுக்குள்ளேயே வெந்து மஞ்சளாகிவிடும். இந்த வேலையில் எங்களுக்கு முதல் எஜமான் வெயில். அதற்கு அடுத்தபடிதான் லைசென்ஸ்.

லைசென்ஸ் என்பது எங்கள் கான்ட்ராக்டருக்கு நாங்கள் வைத்த பெயர். தோட்டம் அமைக்கும் உரிமம் தன் பெயரில் இருப்பதை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக் காட்டுவார். மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த உரிமம் செடிக்கும் புல்லுக்கும்தான், சுவருக்குக் கிடையாது. ஆனால் இந்தக் குடியிருப்பின் தோட்டம் சரிவில் இருந்தது. மண்ணைத் தாங்க ஆளுயரச் சுவர் கேட்டார்கள். வருகிற வேலையை விடுவானேன் என்று லைசென்ஸ் ஒப்புக்கொண்டார். "சுவருக்குத் தனி லைசென்ஸ் வேணுமே" என்று எங்கள் மேஸ்திரி இழுத்தபோது, "அதை நான் பாத்துக்கறேன், நீ கட்டு" என்றார். போன வாரம் பெய்த மழையில் அந்தச் சுவர் சரிந்தது. அடியில் குழி வெட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மச்சினனின் கால் கற்களுக்குள் மாட்டிக்கொண்டது. வெறுங்கையால்தான் கல்லைப் புரட்டினோம். என் நகக்கண்ணில் அந்த மண் இன்னும் இருக்கிறது. காலைக் காப்பாற்ற இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள்.

காரிலிருந்து இறங்கிய லைசென்ஸ், நேராக வந்து மேஸ்திரியின் தோளில் கைபோட்டார். அந்தக் கை எங்கள் யார் தோளிலும் விழுந்ததில்லை.

"இன்ஸ்பெக்டர் இப்ப வந்துடுவாரு. சுவர் நீ தனியா எடுத்த கான்ட்ராக்ட்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"நானா?"

"நீதானேப்பா கட்டின? அடுத்த மாசம் உன் பேர்லயே ஒரு லைசென்ஸ் எடுத்துத் தர்றேன். எத்தனை நாளைக்கு மேஸ்திரியாவே இருப்ப?"

சொந்த லைசென்ஸ் மேஸ்திரியின் நெடுநாள் ஆசை. கேட்டுப் போகும்போதெல்லாம் அந்தத் தகுதி இல்லை, இந்த ஆள் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் தலை மெல்ல ஆடியது. சம்மதித்துவிடுவாரோ என்று எனக்கு அவர்மேல் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

லாரியில் நின்றிருந்த அவர் மனைவி குதித்து இறங்கினார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

"தலைய ஆட்டாதீங்க. நீங்க ஆமான்னா கேஸு உங்க மேல. என் தம்பி காலுக்கு நீங்க பொறுப்பு. இவரு பாட்டுக்குக் கார்ல ஏறிப் போயிடுவாரு."

"நீ சும்மா இரும்மா. ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் லைசென்ஸ்.

"அடிபட்டுக் கெடக்கிறது என் தம்பி. நான் எப்படிச் சும்மா இருப்பேன்? வேலை பிடிக்கிறப்ப லைசென்ஸ் உங்க பேர்ல. சுவர் விழுந்தா மட்டும் எங்க பேர்லயா?"

சொல்லிவிட்டு, தோளிலிருந்த சாக்கைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கல் சுமப்பவளும் மண் கொத்துகிறவர்களும் வந்தார்கள். லாரி டிரைவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"வேற ஆளுங்களைக் கொண்டுவர எனக்கு ஒரு போன் போதும்!"

"போடுங்க சார். அப்படியே வெயிலுக்கும் ஒரு போன் போட்டு, அவங்க வர்ற வரைக்கும் ஏறாம நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். வெயில் ஏறியது. சுருள்களிலிருந்து புழுங்கல் வாடை வரத் தொடங்கியது. திடீரென்று அக்கா எழுந்து தண்ணீர்க் குழாயை எடுத்தார். லைசென்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா லாரியிலிருந்த சுருள்களை ஒன்று விடாமல் நனைத்தார், குழாயை மூடினார், திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"புல்லு நமக்கு என்ன பாவம் பண்ணிச்சு? ஆனா விரிக்க மாட்டோம்."

அதுவரை நடுவில் தனியாக நின்ற மேஸ்திரி எங்களிடம் வந்தார். "லைசென்ஸ் எனக்கு வேணும்தான் சார். என் மச்சினன் காலை மிதிச்சு ஏறி வாங்கற லைசென்ஸ் வேணாம்" என்று சொல்லி அக்காவின் சாக்கிலேயே உட்கார்ந்தார். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இடிந்த சுவரைப் பார்த்தார், விரிக்காத புல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். லைசென்ஸ் ஓடிப்போய் ஏதோ காதில் சொன்னார். அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்புவாரா, நாங்கள் சொல்லப்போவதை நம்புவாரா, எங்களுக்குத் தெரியாது.

"சரி, யாராவது ஒருத்தர் வந்து சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாங்கள் எல்லோரும் எழுந்தோம். மண் அள்ளும் தள்ளுவண்டியைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, அவர் முன்னால் போட்டார் அக்கா.

"ஒருத்தரைத் தனியாப் பிரிச்சுத்தான் சார் மாட்டிவிடப் பாத்தாங்க. உக்காருங்க. எல்லாரும் சொல்றோம்."