ஸ்பெயர் குமிழ்

ஐஸ் கொம்பனி ஸ்டோரிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் நான் நாள் தவறாமல் அங்கே போவேன். வீட்டில் மனிசியின் பேச்சைவிட அமோனியா மணம் எவ்வளவோ மேல். அதனால்தான் சிமியோன் மாஸ்டர் கவிழ்ந்த அழகை முன்வரிசையில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

இயந்திரப் பராமரிப்புப் பழக வரும் பிள்ளைகளுக்குச் சிமியோன்தான் மாஸ்டர். புதிதாக வருபவரை முதல்நாள் இல்லாத சாமான் ஒன்றை வாங்க அனுப்புவது அங்கே சடங்கு. குருநகர் லவீனா வந்தாள். அங்கே வேலை பழக வந்த முதல் பெண்பிள்ளை. மாஸ்டர் மட்டம் பார்க்கும் லெவலைத் தூக்கி, அதன் கண்ணாடிக்குள் ஓடும் காற்றுக்குமிழைக் காட்டினார்.

"பிள்ளை, இதுக்கு ஸ்பெயர் குமிழ் ஒண்டு வேணும். கொக்குவில் கடையிலை கிடைக்கும்."

கல்லும் உருகும் வெயிலில் சைக்கிள் மிதித்தாள். கொக்குவில் கடைக்காரன் நல்லூருக்கு அனுப்பினான். நல்லூர்க்காரன் மறுபடி கொக்குவிலுக்கு. வெறுங்கையோடு திரும்பியபோது எழுந்த சிரிப்பில் கீரிமலைக் கேணி கரைமீறியதாகக் கேள்வி.

மற்றவர்களுக்குச் சடங்கு அன்றோடு முடியும். இவளுக்கு முடியவில்லை. பயிற்சி முழுவதும் "ஏய் குமிழ்!" என்றே கூப்பிட்டார். கையில் ஸ்பானருக்குப் பதில் விளக்குமாறு கொடுத்தார். அவளோ பின்னேரங்களில் தகப்பன் லெனாட்டின் வள்ளத்து இஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் கைபழகினாள்.

பரீட்சை நாள் வந்தது. சித்தியடைந்தால் கொம்பனியில் நிரந்தர வேலை, இல்லையென்றால் வீடு. மாஸ்டர் அவளுக்கென்று பொறுக்கியெடுத்தது ஐஸை உறையவைக்கும் உப்புத்தண்ணீர்ப் பம்பை; அது நின்றால் ஐஸும் நிற்கும். கோணி நின்று குளிர்காய்ச்சல்காரன்போல் நடுங்கும் அதை மட்டமாக இருத்த வேண்டும். கூடவே ஒரு லெவலும் கொடுத்தார். கண்ணாடி வெடித்து, உள்ளே காய்ந்து போயிருந்தது.

பரிசோதகர் அருளம்பலம் பார்த்துக்கொண்டு நின்றார். லவீனா முதலில் பம்பின் மின் ஆளியை நிறுத்தி, தன் ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பூட்டினவரே திறக்க வேண்டும், வேலை முடியாமல் முதலாளிக்கும் திறப்புக் கொடுக்கக்கூடாது என்பது சிமியோனே தினமும் ஓதும் வேதம். பிறகு லெவலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சேர், இதிலை குமிழ் இல்லை."

"இருக்கிறதை வைச்சுச் சமாளி" என்றார் மாஸ்டர்.

"ஏன் சமாளிப்பான்? ஸ்பெயர் குமிழ் கொக்குவில் கடையிலை இருக்கெண்டு மாஸ்டர்தான் படிப்பிச்சவர், சேர். கடையும் அவருக்குத்தான் தெரியும்."

அருளம்பலத்தின் புருவம் உச்சந்தலைக்கு ஏறி இறங்கியது. அவரையும் ஒருகாலத்தில் யாரோ எதற்கோ அனுப்பியிருக்க வேண்டும்.

"மாஸ்டர் பிழையாய்ப் படிப்பிச்சிருக்க மாட்டியள்தானே?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

வெளியே மீன்காரப் பெண்கள் படையெடுத்து நின்றார்கள்.

"சிமியோன் அண்ணை, ஐஸ் எங்கை? என்ரை பாரைக்குக் கண் மங்குது!" என்று ஜெனிற்றா கத்தினாள்.

"மெஷின் பூட்டிக் கிடக்கு."

"திறவுங்கோவன்!"

"திறப்பு அவளிட்டை."

"அப்ப அவள் கேட்டதைக் கொண்டுவந்து குடுங்கோவன், நிண்டு முழுசிறியள்!"

மாஸ்டர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். சமூகசேவையில் நாட்டமுள்ள நான் உடனே கொக்குவிலுக்கும் நல்லூருக்கும் போன் போட்டேன். கொக்குவில்காரன் நான் சொன்னபடியே மாஸ்டரிடம் ஒப்புவித்தான்: "ஐயோ அண்ணை, கடைசிக் குமிழ் இப்பதான் வித்தது. நல்லூரிலை கேளுங்கோ."

இங்கே லவீனா உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்ணீர் விட்டு, பம்பின் இருபக்கமும் நீர்மட்டம் ஒத்திருக்கிறதா என்று பார்த்தாள். தாழ்ந்த பக்கத்தில் தகடு செருகி நட்டுகளை இறுக்கினாள். தன் பூட்டைத் தானே திறந்தாள். பம்பு ஓடியது. அருளம்பலம் அதன்மேல் வைத்த தேநீரின் ஆடைகூட அசையவில்லை. அந்த இடத்திலேயே சித்தி என்று ஒப்பமிட்டார். ஜெனிற்றாவின் பாரை ஐஸுக்குள் படுத்தது.

சிமியோன் வந்து இறங்கியபோது வெயிலில் கருவாடாகியிருந்தார். கையில் புத்தம்புது லெவல் ஒன்று. வேறு வழி தெரியாமல் முழு லெவலையே வாங்கிவிட்டார். வேலைத்தளமே சிரிப்பை அடக்கி லவீனாவைப் பார்த்தது.

அவள் அதை வாங்கிப் பம்பின்மேல் வைத்தாள். குமிழ் நட்டநடுவில் நின்றது.

"நல்ல சாமான், மாஸ்டர். ஆனால் நான் கேட்டது ஸ்பெயர் குமிழ் மட்டும். கடை பூட்டமுன்னம் மாத்திக்கொண்டு வாங்கோ."

நான் நல்லூர்க் கடையின் நம்பரை மறுபடி அழுத்தினேன்.