சென்றாயனின் மூன்றாம் மனைவி

வெள்ளெருக்கஞ்செடி ஒன்று உயிரோடு இருந்த காரணத்தால், 1947ஆம் வருஷம் தீர்த்தம்மாளுக்கு மலாயாவில் இருந்த புருஷனிடம் போக அனுமதி கிடைக்கவில்லை. அந்தச் செடி சென்றாயனின் மூன்றாம் மனைவி. தீர்த்தம்மாள் நான்காவது. அதியமான்கோட்டைக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் இது யாருக்கும் புதிய சேதி இல்லை. அந்த வருஷம் கேழ்வரகு விலை ஏறியதைப் பற்றித்தான் எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள்.

சென்றாயனின் முதல் மனைவி காலராவில் போனாள், இரண்டாமவள் பிரசவத்தில். இரண்டு பேரைப் பறிகொடுத்தவனுக்கு மூன்றாவதாக வருகிறவளும் தங்கமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் மூன்றாவது தாலியை ஓர் எருக்கஞ்செடிக்குக் கட்டுவார்கள். கட்டிய கையோடு செடியை வெட்டிச் சாய்த்து, வரவிருந்த சாவை அதன் தலையில் இறக்கிவிட்டு, பெண்ணை நான்காவதாகக் கட்டிக்கொள்வார்கள். 1940 தை மாதம், மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து லீவில் வந்திருந்த சென்றாயன், தன் வரப்பில் நின்ற வெள்ளெருக்குக்கு மஞ்சள் பூசித் தாலி கட்டினான். ஆனால் அரிவாளைக் கையில் கொடுத்ததும் கீழே வைத்துவிட்டான். "ரெண்டு பேர மண்ணுல வெச்சவன் நானு. இவளயாவது உட்டுடுங்க," என்றான். முகூர்த்தம் தப்பிவிடும் என்ற அவசரத்தில் யாரும் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுபோனது. அதே முகூர்த்தத்தில் தீர்த்தம்மாளுக்கும் தாலி கட்டிவிட்டு, அந்த மாதக் கடைசியில் சென்றாயன் கப்பலேறினான். அடுத்த வருஷம் பெண்டாட்டியை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான். அடுத்த வருஷம் சண்டை வந்தது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கடிதம் நின்றது. தாலியைக் கழற்றிவிடச் சொல்லி ஊர் முதலில் ஜாடையாகவும் பிறகு நேராகவும் தீர்த்தம்மாளிடம் சொன்னது. இது பட்டுப்போகாதவரை அவரும் இருக்கிறார் என்று அவள் செடியைக் காட்டினாள். கிணறு வற்றிய கோடையில் அது பூத்துக் குலுங்கியது. பின்பு ஓர் ஐப்பசி அடைமழையில் ஊரெல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் இலை உதிர்ந்து குச்சியாக நின்றது. அவர் பட்டினி கிடக்கிறார் என்று சொல்லித் தன் பங்குக் களியைக் கரைத்து அதன் வேரில் ஊற்றினாள் தீர்த்தம்மாள். காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில் அதன் இடப்பக்கக் கிளை மளுக்கென்று முறிந்தது. 1946இல் வந்த கடிதத்தில், சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள் என்றும், சோறு இல்லை என்றும், இடது கால் முறிந்து நொண்டியாகிவிட்டது என்றும் சென்றாயன் எழுதியிருந்தான். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்குப் பதிலாக ரப்பர்ப் பால் வெட்ட மனைவி வந்தால் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை உண்டு, வரும் சித்திரைக்குள் வராவிட்டால் நொண்டி ஆளைத் தோட்டத்தில் வைத்திருக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டாராம்.

கப்பலேற அனுமதி கேட்டபோது, மனைவிதான் என்பதற்குத் தாலூகா ஆபீஸில் அத்தாட்சி கேட்டார்கள். மணியக்காரர் நஞ்சப்பன் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர், பொய் எழுதிப் பழக்கம் இல்லாதவர். எத்தனையாவது மனைவி, முந்தைய மனைவியர் இருக்கிறார்களா என்ற கேள்விகளுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். முதல் இருவர் காலமாகிவிட்டார்கள், மூன்றாவது வெள்ளெருக்கு, உயிரோடு இருக்கிறாள். தாலூகா ஆபீஸ் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, மூத்தவள் இருக்க இளையவளுக்கு அனுமதி இல்லை என்றார். மூத்தவள் செடியாயிற்றே என்றதற்கு, மனைவி செடியா மனுஷியா என்று கேட்க இதில் கட்டம் இல்லை என்றார். பதறிப்போன நஞ்சப்பன் எருக்கை விட்டுவிட்டு வேறொரு அத்தாட்சி எழுதிக் கொடுக்க, காரியம் இன்னும் கெட்டது. ஒரே ஆள் கையெழுத்தில் ஒன்றில் நான்கு மனைவி, இன்னொன்றில் மூன்று. எது பொய் என்று கேட்டார்கள். முடிவில், மூன்றாமவள் செத்துப்போனதாகச் சாவுப் பதிவு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது மாசி பிறந்துவிட்டது.

தீர்த்தம்மாளின் அண்ணன் பச்சியப்பன் தீர்த்தமலையிலிருந்து கோடாலியோடு வந்தான். தங்கை வேண்டாம் வேண்டாம் என்று ஓடிவருவதற்குள் செடியின் நடுத்தண்டில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. பால் பீறிட்டு அவன் முழங்கையில் வழிந்தது.

"இன்னும் ஒரு போடுதான் தீர்த்தா. அப்புறம் நீ போயிடலாம்."

"யாருகிட்ட போறதுண்ணா?"

அவன் கோடாலியை இறக்கினான். இரண்டு நாளில் தந்தி வந்தது. சென்றாயன் மரத்தடியில் மயங்கி விழுந்தான், இடுப்பில் ஆழமான வெட்டு, பக்கத்தில் ஆளும் இல்லை ஆயுதமும் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பச்சியப்பன் கோடாலியைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தீர்த்தம்மாள் அழவில்லை. செடியின் வெட்டுவாயில் மஞ்சளை அப்பி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். சோறு தண்ணி மறந்து வரப்பிலேயே கிடந்தாள். பங்குனி நடுவில் கட்டுக்கு மேலே ஒரு துளிர் விட்டது. அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து குளித்தாள்.

எந்த அத்தாட்சி உண்மை என்று விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது சித்திரைக்கு அதிக நாள் இல்லை. கழுத்தில் தாலியும் இடுப்பில் கட்டும் போட்டிருந்த செடியை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பட்டுப்போனதாக எழுதிக்கொண்டு போய்விடுகிறேன், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று நல்ல மனசோடுதான் சொன்னார். தீர்த்தம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ செத்துட்டான்னு எழுதிப் போறதா இருந்தா நான் போவலீங்க. எனக்கு முன்னாடி தாலி வாங்கினவ. இத்தன வருசம் அவரு உசுர வெச்சிக் காத்தவ. அவளக் கேளுங்க. சம்மதம்னா போறேன்."

இன்ஸ்பெக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. மூத்தவளுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வாக்குமூலம் எழுதிச் சத்தமாகப் படித்தார். நஞ்சப்பன் மைப்பெட்டியை நீட்டினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முறிந்த கிளைக்குப் பக்கத்துக் கிளை தாழ்ந்து வந்து, ஓர் இலை மையைத் தொட்டுக் காகிதத்தில் அழுந்தியது. இலை நரம்பு பதியவில்லை, சுழி சுழியாகப் பெருவிரல் ரேகை பதிந்தது. இன்ஸ்பெக்டர் அதன் கீழே, என் முன்னிலையில் வைத்த ரேகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரேகையைப் பார்த்த குமாஸ்தா வேறு கேள்வி கேட்கவில்லை.

தீர்த்தம்மாள் மொரப்பூரில் ரயிலேறி நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். வழியனுப்பிவிட்டுத் திரும்பிய பச்சியப்பன், மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். வரப்பில் செடி இல்லை. வேர் இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. சுற்றிலும் ஒரு காலடி இல்லை, இலை சிதறவில்லை, தாலியும் இல்லை. சென்றாயன் போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. தங்கை போய் இறங்குவது பிணத்துக்கு முன்னால்தான் என்று பச்சியப்பன் சோறு இறங்காமல் கிடந்தான். நஞ்சப்பன் சாவுப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதவும் மனம் வராமல் மூடவும் மனம் வராமல் வைகாசி முழுக்கத் தவித்தார். ஆனி மாதம் சென்றாயனின் கடிதம் வந்தது. நஞ்சப்பன்தான் படித்தார்.

"ரெண்டு பேரும் நல்லபடியா வந்து சேந்தாங்க. சின்னவளுக்குக் கப்பல்ல ஒரே வாந்தி. பெரியவ அவளுக்கு முந்தியே வந்துட்டா. லயத்து வாசல்ல இடப்பக்கமா எடம் குடுத்திருக்கேன். இடுப்புல கட்டின துணியக்கூட அவுக்காமத்தான் வந்திருந்தா."

பச்சியப்பன் அன்றைக்கு இரண்டு உருண்டை களி சாப்பிட்டான். நஞ்சப்பன் சாவுப் பதிவை மூடி வைத்துவிட்டு, தாலூகா ஆபீஸுக்கு ஒரு வரி எழுதினார். சென்றாயனின் மூன்றாம் மனைவி ஊரை விட்டுப் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. எந்த அனுமதியின் பேரில் போனாள் என்று அங்கிருந்து யாரும் திருப்பிக் கேட்கவில்லை.