மூடியின் உள்பக்கம்

சவரியம்மா உளியின் வாயைக் கட்டைவிரல் நகத்தின்மேல் நிறுத்தி லேசாகத் தள்ளினாள். வழுக்கியது, கூர் போதாது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது நகத்தைக் கவ்வி நின்றது.

"மேஸ்திரி தானே வந்து பாக்காம வாங்கமாட்டாரே, இன்னைக்கி இன்னா உன்ன அனுப்சிட்டாரு?" என்றார் இரும்புக்கடை கலீலுல்லா.

"நைனா காலீல போயிட்டாரு பாய்."

கலீலுல்லா எழுந்து நின்று வாய்க்குள் எதையோ ஓதினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வூட்ல பொணத்த வச்சிகினு இங்க இன்னாம்மா பண்றே? யாருக்கு இந்த உளி?"

"எனக்கு."

அவர் பார்வை அவளுடைய வலது கைக்குப் போயிற்று. அந்தக் கையைத் தெரியாதவர்கள் கல்மண்டபத்தில் யார்? சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடிந்தது மடிந்தபடியே இருக்கும். மிச்ச மூன்று விரல்களால் நீளப் பிடியை அடக்க முடியாது. தட்டை வாய் ஒன்று, நகம்போல் வளைந்தது ஒன்று, கோடு இழுக்க மெல்லிசாக ஒன்று என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"பிடிய பாதியா அறுத்துக் குடு பாய். உள்ளங்கையில முட்டினா போதும்."

"அறுத்துட்டா கொட்டாப்புளியால அடிக்க முடியாதேம்மா."

"அடிக்க வேணாம். அழுத்துவேன்."

காதுக் கம்மலைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, பிடி அறுத்த உளிகளை மூட்டையாக மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கொட்டாப்புளி, தச்சர்கள் உளியை அடிக்கிற மரச்சுத்தி. அவள் பாவாடை கட்டிய வயதில், நைனா இல்லாத நேரம் பார்த்து, கட்டில் காலில் மிஞ்சிய துண்டில் ஒரு மீன் செதுக்கிவிட்டாள். நல்ல மீன். ராயப்பன் மேஸ்திரி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுமாராக இருந்திருந்தால் ஒருவேளை சிரித்துவிட்டுப் போயிருப்பார். மகனைக் கூப்பிட்டு, தங்கையின் மணிக்கட்டைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அய்யாத்துரை பிடித்தான். கொட்டாப்புளி இறங்கியது. அதற்கப்புறம் அந்தக் கையைப் பிடிக்க மாப்பிள்ளை என்று யாரும் வரவில்லை. நைனா செதுக்கியதையெல்லாம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே அவளுக்குத் தலை நரைத்தது.

வீட்டு வாசலில் அய்யாத்துரை அவள் மடியிலிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டான்.

"இன்னாது?"

"உளி."

"சவரி, பேஜாரு பண்ணாதே. 'என் பொட்டியில அவ கை படக்கூடாது'ன்னு சொல்லிகினுதான் போனாரு. நானே வெறும் பலகையா அடிச்சி வச்சிக்கீறேன். நீ செதுக்காம தேய்ச்சி மட்டும் குடு, போதும்."

"தேய்க்கத்தான் போறேன்."

பட்டறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

ராயப்பன் பட்டறைச் சவப்பெட்டி என்றால் மூடிமேல் செத்தவரின் தொழில் இருக்கும். கட்டுமரக்காரருக்குத் துடுப்பு, ஹார்பர் ஆளுக்கு நங்கூரம். இட்லிக்காரி பூவம்மாவுக்கு ஆவி பறக்க ஒரு இட்லிச் சட்டி கூடச் செதுக்கிக் கொடுத்தார். அவருக்குக் கொட்டாப்புளிதான் வரும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

மூடியைக் குப்புறப் போட்டாள். உள்பக்கத்தில், முகம் வரும் இடத்தில், தன் வலது கையை வைத்து இடது கையால் பென்சில் கோடு இழுத்தாள். பிறகு உளியை உள்ளங்கைக்குக் கொடுத்து அழுத்தினாள். தேக்கு சுருள் சுருளாகப் பெயர்ந்தது. நேரான விரல்கள் சீக்கிரம் வந்துவிட்டன. மடிந்த இரண்டும்தான் நேரம் வாங்கின. அந்தக் கணுக்களைத் தோண்டும்போது அவசரப்படவில்லை அவள். வெளியே ஒப்பாரி ஏறி இறங்கியது. அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"சர்ச்சு சாமியார் வந்துட்டாரு, கதவத் தெற!"

அய்யாத்துரை உள்ளே வந்தபோது மூடி நிமிர்ந்து கிடந்தது. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு.

"ஒண்ணும் செதுக்கலியா?"

"நைனா வேணாம்னாருல்ல?"

"நல்லதாப் போச்சு." மூச்சு விட்டான். "புடி, தூக்கலாம்."

தூக்கினார்கள். நாலு எட்டு வைத்திருப்பான், நின்றுவிட்டான். மூடியின் அடியில் அவன் விரல்கள் எதையோ தடவின. ஒரு விரல், இன்னொரு விரல், மடிந்த கணு. அங்கேயே அவன் கை நின்றது. தங்கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கூடத்தில் பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சவரி..."

"நட. சாமியார் காத்துகினு கீறாரு."

கீழே வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கலாம். சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். அவன் நடந்தான். நைனாவின் முகத்துக்கு நேராக மூடியை இறக்கும்போது அவன் கண்களை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை.

"ஆணி அடிக்கட்டா?" என்றான், சிறு பிள்ளை கேட்பது போல.

"அடி. எண்ணி அடிக்காதே. நெறைய அடி."

காசிமேட்டுக் கல்லறையில் மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. துக்க வீட்டில் உலை வைக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். அய்யாத்துரை சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சவரியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

"கன்னியம்மா," என்றாள் நிமிராமல், "கொழம்பு இன்னும் கீதா?"