பாக்குமட்டைப் பெட்டி யாருக்கு?

சூசைமேரிக்குத் தன் ஓரகத்தி கேத்தரின்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கேத்தரின் கெட்டவளாக இருந்திருந்தால் அந்தப் பொறாமைக்கு ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். அவளோ நல்லவள். போர்ட் பிளேரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை, மாதம் பிறந்தால் கையில் சம்பளம், கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. தனக்கென்று ஒன்று பிறக்கும்வரை என் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்க்கிறாள் என்பது சூசைமேரியின் கட்சி.

போன கிறிஸ்மஸுக்குக் கேத்தரினும் அவள் புருஷன் டெர்வினும் கராச்சர்மாவில் இருக்கும் சூசைமேரி வீட்டுக்குப் பெரிய பையோடு வந்தார்கள். மூத்தவன் பிரவினுக்கு ரிமோட் கார். சின்னவள் சுபிதாவுக்கு நடந்தால் விளக்கெரியும் ஷூ. சூசைமேரி பத்து நாள் கண் வலிக்கத் தைத்த கவுன் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அன்றைக்குச் சமைத்த பிரியாணியில் உப்பு கூடிப்போனதற்கும் அவள் கேத்தரினைத்தான் மனசுக்குள் திட்டினாள்.

இந்த வருஷம் நவம்பர் முழுக்கப் புயல் எச்சரிக்கை. சூசைமேரியின் புருஷன் அல்போன்ஸ் வேலை பார்க்கும் படகு கரையிலேயே கிடந்தது. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பலும் வராததால் கடையில் ஜிகினாத் தாள்கூட யானை விலை சொன்னது. சூசைமேரி யோசித்தாள். வறுமையிலும் ஒரு வசதி தெரிந்தது. டிசம்பர் பிறந்ததும் குடும்பத்துக்கே ஒரு சட்டம் போட்டாள்: இந்தக் கிறிஸ்மஸுக்கு யாரும் கடையில் ஒன்றும் வாங்கக்கூடாது, எல்லாப் பரிசும் கையால் செய்ததாக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியவேண்டாமா என்று போனில் கேத்தரினிடம் குழைந்து குழைந்து சொன்னாள். இனி எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் பார்ப்போம் என்றது மனசு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கேத்தரின், "அச்சா ஐடியாக்கா" என்று சந்தோஷப்பட்டாள். அதோடு விட்டாளா? தனக்குக் கையால் ஒன்றும் செய்யத் தெரியாது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன் என்று சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். ஒரு வாரம் சௌல்தாரியில் தோழி வீட்டுத் தோப்பிலிருந்து பாக்குமட்டை கொண்டுவந்தாள். ஊறவைத்தால் மட்டை துணிபோல் வளையும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினாள். பிரவின் மூங்கில் கணுவை அறுத்து அப்பாவுக்குப் பேனா ஸ்டாண்ட் செய்தான். சுபிதா பால்பவுடர் டின் மூடியில் ஆணியால் துளை போட்டு நட்சத்திரம் செய்தாள். உள்ளறையில் ஒரே சிரிப்பு. சூசைமேரி எட்டிப் பார்த்தால் சுபிதா கதவைச் சாத்தினாள்.

"மம்மி, மத் ஆவோ, உள்ள வராத. சர்ப்ரைஸ் கெட்டுப்போயிரும்."

பெற்ற வயிறு வாசலில் உட்கார்ந்து கூலிக்குக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தது. உள்ளே சித்தி. எட்டு வயசுப் பிள்ளை அம்மா முகத்தில் கதவைச் சாத்துகிறதென்றால் யார் சொல்லிக்கொடுத்தது? சூசைமேரிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மூன்று வேளையும் கேத்தரினுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைத்து.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பிள்ளைகள் பாட்டு ஒத்திகைக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்கள். சுபிதா கட்டிவைத்திருந்த இரண்டு பொட்டலங்கள் கிறிஸ்மஸ் குடிலுக்குப் பக்கத்தில் இருந்தன. பழைய காலண்டர் தாள், மேலே வலை நூல், நூலுக்கடியில் செருகிய சின்ன அட்டை. ஒன்றில் சித்தி, இன்னொன்றில் மம்மி. பார்க்கக்கூடாதுதான். சூசைமேரி பார்த்தாள்.

சித்தியின் பொட்டலத்தில் பாக்குமட்டைப் பெட்டி. ஓரமெல்லாம் சிவப்பு நூலால் தையல், மூடியில் துணிப்பூ. கடையில் வைத்தால் டூரிஸ்ட்காரர்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள். மம்மியின் பொட்டலத்தை ஓரமாகப் பிரித்தாள். உள்ளே நீலக் கயிற்று வார் தெரிந்தது. கூடவே ஒரு ரப்பர் விளிம்பு. செருப்பு.

சூசைமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்திக்குப் பூவைத்த பெட்டி, பெற்றவளுக்குச் செருப்பு. நல்ல நாளும் அதுவுமாகச் செருப்பை யாராவது பரிசென்று நீட்டுவார்களா? ஊரில் சண்டையில் தூக்கிக் காட்டுகிற சாமான் அல்லவா? அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இந்தச் செருப்பு கேத்தரின் கையில் இருந்தால் எப்படி இருக்கும்? அந்த நல்லவள் முகம் எப்படிப் போகும்?

இரண்டு அட்டைகளையும் மாற்றிச் செருகினாள். கட்டிப் பழகிய விரல்கள் அவளைக் கேட்காமலே நூலை இழுத்து முடிச்சுப் போட்டன. பிறகு நிம்மதியாக எழுந்துபோய் முறுக்குக்கு மாவு பிசைந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். பிரியாணி தம்மில் இருந்தது. பிரவின் முதலில் பரிசு கொடுத்தான், அல்போன்ஸ் பேனா ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்து சுபிதா குதித்துக்கொண்டு போய் அட்டையைப் பார்த்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தாள். சூசைமேரி தன்னுடையதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேத்தரினையே பார்த்தாள்.

கேத்தரினால் நூலை அவிழ்க்க முடியவில்லை. நகத்தால் நிமிண்டினாள், பல்லால் கடித்தாள். கடைசியில் பொட்டலம் அல்போன்ஸ் கைக்குப் போனது. கத்தியை எடுத்தவன் முடிச்சை உற்றுப் பார்த்தான்.

"இது வலை முடிச்சுல்லா?" என்றான். சுபிதாவுக்குப் பூ முடிச்சைத் தவிர வேறு தெரியாது. அல்போன்ஸ் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அறுத்துக் கொடுத்தான்.

காலண்டர் தாள் விலகியது. செருப்பு இரண்டும் கேத்தரின் மடியில் விழுந்தன.

டெர்வின் முகம் மாறியது. "ஏட்டி சுபிதா, சித்திக்குச் செருப்பு கொடுக்கச் சொல்லி யாரு சொன்னா?" என்றான். கேட்டது பிள்ளையை, பார்த்தது மைனி சூசைமேரியை. பிரவின் தங்கச்சியை, லூசு, அட்டையை மாத்தி வெச்சிட்டியா என்று தலையில் தட்டினான். சுபிதாவுக்கு உதடு கோணியது. தான் சரியாகத்தான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

சூசைமேரி எதிர்பார்த்தது கேத்தரின் முகம் கறுப்பதை. அதுதான் நடக்கவில்லை. கேத்தரின் செருப்பை எடுத்துத் தூசி தட்டுவதுபோல் தடவினாள்.

"இது அக்காவுக்குச் செஞ்சது. உப்புத் தண்ணியில நின்னு அவுங்க குதிங்கால் வெடிச்சுக் கிடக்குல்லா, அதுக்குத்தான். அவுங்க குளிச்சிட்டு வரும்போது சிமெண்டுல விழுந்த ஈரத்தடத்துல தாளை வெச்சு இவதான் அளவு எடுத்தா. பெட்டிய ஒரே நாள்ல முடிச்சிட்டா. இத மூணு வாரம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சா. பக்கத்துல உக்காந்து பாக்க எனக்கே பொறாமையா இருந்துச்சு" என்றாள். பிறகு சுபிதாவை இழுத்து அணைத்துக்கொண்டு, "அழாத. நேத்து வந்தப்ப நான்தான் அட்டையை மாத்தி வெச்சிட்டேன் போல" என்றாள்.

அவள் நேற்று வரவே இல்லை. அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சுபிதா அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

சூசைமேரி ஜெயித்திருந்தாள். மூன்று வாரமும் தனக்குத்தான், கேத்தரினுக்கு ஒரே ஒரு நாள்தான். கேத்தரின் வாயாலேயே பொறாமை என்ற சொல்லும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளை இருப்பது யார் தோளில்? தான் செய்த பாவத்தைக்கூடக் கேத்தரின் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கும் பிள்ளையின் அணைப்பைக் கூலியாக வாங்கிக்கொண்டாளே. இதையும் அவளுக்கே விட்டுக்கொடுப்பதா? குற்ற உணர்ச்சியில் வாய் திறந்தாள் என்று நினைத்தால் அது தப்பு. பொறுக்க முடியாமல்தான் திறந்தாள்.

"அவ மாத்தல. நான்தான் மாத்துனேன்."

டெர்வின் தலையைத் திருப்பிக்கொண்டான். அல்போன்ஸ் கத்தியை மடக்கினான். சுபிதா சித்தியின் தோளிலிருந்து முகத்தை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து அம்மாவின் மடியில் இருந்த பொட்டலத்தைத் தொட்டாள்.

"உனக்குப் பெட்டிதான் புடிச்சிருந்துச்சாம்மா?" என்றாள். "இந்தச் செருப்பு நல்லா இல்லியா?"

கேத்தரின் எழுந்து வந்து செருப்பைச் சூசைமேரியின் காலடியில் வைத்தாள். சூசைமேரி காலை நுழைத்தாள். வெடித்த குதிங்கால் மெத்தென்று உட்கார்ந்தது. பொருத்தமென்றால் அப்படி ஒரு பொருத்தம். நல்லாருக்கு மக்கா, ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

சுபிதா அம்மாவின் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் பிள்ளை நினைத்தது.

"பரவால்லம்மா, பெட்டிய நீயே வெச்சுக்கோ" என்று பாக்குமட்டைப் பெட்டியை அவள் மடியிலேயே விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தது.