கல்லறையோடு நின்ற பிரசங்கம்

என் தம்பி சபைப் போதகர். நான் சலவைக்கடைக்காரி. ஊருக்கெல்லாம் பாவமன்னிப்பைப் பற்றிச் சொல்கிறவனுடைய அங்கியில் காபிக் கறை எடுப்பது என் தலையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அங்கியை வாங்க வந்தவன், நான் இஸ்திரி போட்டு முடிக்கும்வரை மறுநாள் ஈஸ்டர் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்தான். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காவிட்டால் மேடையில் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிலுவை வந்தது. கல்லறை வந்தது. வாசலில் கல்லை உருட்டி வைத்தார்கள். "ஆமென்" என்று முடித்துவிட்டான்.

"டேய், நாளைக்குப் பெரிய வெள்ளின்னு நெனச்சுட்டியா? இயேசுவை உள்ளயே வெச்சு மூடிட்டியே!"

திருதிருவென்று விழித்தான். வேண்டுமென்று விட்டதல்ல, அவர் உயிர்த்தெழுந்ததைச் சொல்லவே மறந்துபோயிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அதுக்கு மேல எனக்குப் போகலக்கா," என்றான்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் அண்ணன் இந்த வருஷத் தொடக்கத்தில்தான் இறந்துபோனார். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்த சண்டையில் அவரும் இவனும் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டனுப்பியும் இவன் போகவில்லை. அதற்குப் பிறகும் அண்ணி ஆலயத்துக்கு வருகிறாள். இவன் கையால் திருவிருந்து அப்பம் மட்டும் வாங்கமாட்டாள்.

"கல்லறைக்குப் போய் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்க்கா. செத்தவங்க எப்படி மன்னிப்பாங்க?"

"மாட்டாங்க."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர் எனக்கும் அண்ணன்தானே.

"இயேசுவும் உள்ளயே கிடந்திருந்தா அவராலயும் முடியாது. பாவம், நல்ல மனுஷன்னு அழுதுட்டு, அவங்கவங்க பாவத்தை அவங்கவங்களே தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான். ஆனா எழுந்து வந்தாரே! யார் முன்னாடி வந்து நின்னார்? சாகும்போது விட்டுட்டு ஓடின சீடங்க முன்னாடி. ஏன்டா வரலன்னு கேட்டாரா?"

அவன் அங்கியைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் மாட்டிவிட்டேன். மேடையில் ஏறியவன் தாளைப் பிரிக்கவில்லை.

"என் அண்ணன் கூப்பிட்டப்ப நான் போகல," என்று ஆரம்பித்தான். முன்வரிசையில் இருந்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர்கிட்ட இனிமே மன்னிப்புக் கேக்க முடியாது. ஆனா எல்லாப் பாவத்தையும் மன்னிக்கிறவர் செத்துப்போனவர் இல்ல, எழுந்துட்டார். அதை நம்பித்தான் இங்க நிக்கிறேன். அண்ணியும் என்னை மன்னிக்கணும்."

அவனுக்கு நாக்கு ஒட்டவில்லை.

அப்பம் கொடுக்கும் நேரம் வந்தது. வரிசை நகர்ந்து முடியப்போகிறது, அண்ணி அசையவில்லை. கடைசி ஆளாக நான் எழுந்தபோது எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவனிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கொடுத்ததில் அப்பம் கீழே விழப் பார்த்தது.

"ஒழுங்கா குடு தம்பி," என்றாள். "உங்க அண்ணன் கடைசிவரைக்கும் வாசலையேதான் பார்த்துட்டு இருந்தார். திட்டுறதுக்கு இல்ல."