எத்தீம் பிள்ளையின் படிப்புக்கு

கேளுங்கள் மக்களே, தேங்காப்பட்டணத்து ரிஸ்மாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருஷம்தான் அவளுடைய வாப்பா கடலில் காணாமல் போனார். உடலும் கரை சேரவில்லை. கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை.

தோழி சஜினா தன் கல்லூரிப் பிள்ளைகளோடு, ஜும்மா தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் முன்னே வாளியுடன் நின்றாள். "டூருக்கு வசூலா மக்களே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே போனார். சஜினா ஓர் அட்டையில் 'எத்தீம் பிள்ளையின் படிப்புக்கு' என்று எழுதிப் பிடித்தாள். தகப்பனை இழந்த பிள்ளை என்றதும் கைகள் நீண்டன. வாளி நிறைந்தது.

அதை ரிஸ்மா வீட்டுக்குக் கொண்டுபோனபோது, விஷயம் கேள்விப்பட்டிருந்த அவளுடைய உம்மா ஹமீதா பீவி வாசலிலேயே மறித்தாள்.

"ஏட்டி, யாருட்டி எத்தீம்? அவ வாப்பா மவுத்தாகிப் போனத நீ கண்டியா?"

"இல்ல மாமி, அப்படிச் சொன்னாத்தான் தருவாங்க..."

"புருஷன் போனா இருக்குற இத்தா கூட நான் இன்னும் இருக்கல்ல. இத வாங்கினா நானே அவர கபர்க்குழில வச்ச மாதிரி."

ரிஸ்மா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, இதக் கொண்டு போ" என்று சஜினாவிடம் மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

"கடலுக்குப் போயிருக்காரு" என்றாள் ரிஸ்மா.